பழைய ஜீப்புகளின் பிரேக்குக் குழாய் மாற்றம்

பழைய ஜீப்புகளின் பிரேக்குக் குழாய் மாற்றம் என்பது, நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளைக் கொண்ட பழைய ஜீப்புகளில், கால்மிதியில் இருந்து சக்கரங்களுக்கு அழுத்தத்தைக் கொண்டு செல்லும் உலோகக் குழாய்களையும் இரப்பர் ஹோசுகளையும் அகற்றிப் புதியனவற்றைப் பொருத்தும் பணி ஆகும். இக்கட்டுரை வில்லிசு நிறுவனத்தின் படை ஜீப்பையும், அதன் வழியில் இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் கட்டிய சிஜே-3பி வகையையும் முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. இவ்வண்டிகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே குழாய்ச் சுற்றைச் சார்ந்துள்ளன. அச்சுற்றில் எந்த ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் நான்கு பிரேக்குகளும் ஒரே நேரத்தில் செயலிழக்கும். ஆகவே குழாய் மாற்றம் என்பது இவ்வண்டிகளைப் பொறுத்தவரை அழகுபடுத்தும் வேலைகளுள் ஒன்று அன்று. வண்டியை மீண்டும் சாலையில் இறக்குமுன் முதலில் முடிக்க வேண்டிய பணி.

கொங்கு நாட்டில் ஜீப்பு

இரண்டாம் உலகப் போரின் போது வில்லிசு, ஃபோர்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. போர் முடிந்த பின் இந்தியாவில் தங்கிவிட்ட படை ஜீப்புகள் ஏலத்தில் விற்கப்பட்டு, தோட்ட உரிமையாளர்களிடமும் வேளாண் குடும்பங்களிடமும் வந்து சேர்ந்தன. 1945இல் லூதியானாவில் தொடங்கப்பட்டு 1948இல் இன்றைய பெயரைப் பெற்ற மகிந்திரா நிறுவனம், 1940களின் இறுதியில் வில்லிசு ஜீப்புகளை உதிரிபாகங்களாக இறக்குமதி செய்து மும்பையில் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1953இல் வெளிவந்த சிஜே-3பி வகை, உயரமான இயந்திரத்தை உள்ளடக்க வேண்டி உயர்த்தப்பட்ட முன்மூடியால் எளிதில் அடையாளம் காணத்தக்கது. அவ்வகை அமெரிக்காவில் 1968இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் அடிச்சட்டமும் உருவமும் இந்தியாவில் மேலும் பல பத்தாண்டுகள் வாழ்ந்தன.

கோவையைச் சுற்றிய பகுதியில் ஜீப்புக்கு நிலையான தேவை இருந்தது. வால்பாறையின் தேயிலைத் தோட்டங்கள், நீலகிரி, பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகள் ஆகியவற்றிற்கு அது மண்பாதையில் செல்லும் வண்டி. சூலூர், கருமத்தம்பட்டி, அவிநாசி போன்ற சமவெளி ஊர்களில் அது உர மூட்டையும் மோட்டாரும் ஏற்றும் பண்ணை வண்டி. இன்று இவற்றுள் பல சாளைகளிலும் மாட்டுத்தொழுவங்களின் ஓரத்திலும் நின்றுகொண்டிருக்கின்றன. பழைய வண்டிகளின் மேல் ஆர்வம் பெருகியதால் பலர் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டுகின்றனர். கோவையில் 2015இல் திறக்கப்பட்ட ஜி. டி. கார் அருங்காட்சியகம் இவ்வார்வத்தின் ஓர் அடையாளம்.

வண்டி எந்தச் சாலையில் ஓடப் போகிறது என்பதையும் இங்கே கருத வேண்டும். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மசினகுடியில் இருந்து உதகைக்குச் செல்லும் கல்லட்டிச் சாலையில் 36. சத்தியமங்கலத்திற்கு அப்பால் திம்பம் மலைச்சாலையில் 27. கருமத்தம்பட்டியில் இருந்து காலையில் கிளம்பும் ஒரு ஜீப்பு இவற்றுள் எதை வேண்டுமானாலும் நண்பகலுக்குள் எட்டிவிடும். அவிநாசிச் சாலையின் சமதளத்தில் வெளித்தெரியாத குறை, இறக்கத்தில்தான் முதன்முறையாக வெளிப்படும்.

இயங்கும் முறை

மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பிரெஞ்சு அறிஞர் பிலேசு பாஸ்கல் (1623–1662) விளக்கிய இவ்விதியே நீர்ம பிரேக்கின் அடிப்படை. அமெரிக்கரான மால்கம் லாக்ஹீடு 1917இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்; 1921இல் டூசன்பெர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் இம்முறை பயன்பட்டது.

கால்மிதி ஒரு நெம்புகோலாகச் செயல்பட்டு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கு எழும் அழுத்தம் குழாய்கள் வழியே ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டரை அடைகிறது. வீல் சிலிண்டர் விரிந்து, இரு பிரேக்கு ஷூக்களைச் சுழலும் டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதில் எழும் அழுத்தத்தைக் கணக்கிடலாம். ஓட்டுநர் 30 கிலோ எடையளவு விசையுடன் மிதிப்பதாகவும், மிதியின் நெம்பு விகிதம் 6 எனவும் கொள்வோம். பிஸ்டனின் மீது 180 கிலோ விசை விழும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 1 அங்குலம் (25.4 மி.மீ.) எனில் அதன் பரப்பு 5.07 சதுர செ.மீ. எனவே குழாயினுள் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 35 கிலோ. இது லாரிச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைப் போல் நான்கைந்து மடங்கு. குறுக்கே மாடு வந்து ஓட்டுநர் பதற்றத்தில் ஓங்கி மிதிக்கும் போது இவ்வழுத்தம் எளிதில் இரட்டிப்பாகும். துருப்பிடித்த குழாய் வெடிப்பது பெரும்பாலும் அத்தகைய நேரத்தில்தான். மெதுவாக மிதித்துப் பார்க்கும் போது தாங்கிய குழாய், மிகவும் தேவைப்படும் கணத்தில் விடுகிறது.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேற்கண்ட சிலிண்டரில் பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் இடம்பெயரும் நீர்மம் 13 மி.லி.க்கும் குறைவு. அதாவது ஒரு மிதிப்பில் வேலை செய்வது மூன்று தேக்கரண்டி அளவுகூட இல்லாத நீர்மம். இதில் பாதி ஓட்டை வழியே வெளியேறினாலோ, அதே அளவு காற்று உள்ளே புகுந்தாலோ மிதி தரையைத் தொட்டுவிடும்.

1960களின் இறுதியில் இருந்து உலகெங்கும் கார்களில் இரட்டைச் சுற்று முறை பரவியது. அதில் மாஸ்டர் சிலிண்டர் இரு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு சுற்று பழுதானாலும் மற்றொன்று இரு சக்கரங்களையாவது நிறுத்தும். படை ஜீப்பிலும் தொடக்ககால சிஜே-3பி வண்டிகளிலும் இவ்வசதி இல்லை.

இவ்வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டிற்குக் கீழே அடிச்சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். தரையில் உள்ள சிறு மூடியைத் திறந்துதான் நீர்மம் ஊற்ற வேண்டும். செருப்பில் ஒட்டிவரும் மண் முழுவதும் அந்த மூடியைச் சுற்றியே சேரும். ஓடையைக் கடக்கும் போது சிலிண்டர் நீரில் நனையும். வடிவமைப்பின் இக்குறையால், பழைய ஜீப்புகளின் நீர்மத்தில் மண்துகளும் நீரும் கலந்திருப்பது இயல்பு.

குழாய் கெடும் விதம்

தமிழ்நாட்டில் பிரேக்கு நீர்மத்தைப் பொதுவாக 'பிரேக் ஆயில்' என்று அழைக்கிறோம். இப்பெயரே சில தவறுகளுக்கு இடமளித்துவிட்டது. இன்று பெருவழக்கில் உள்ள பிரேக்கு நீர்மம் எண்ணெய் அன்று. அது கிளைக்கால் ஈத்தர் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். அவசரத்திற்கு இயந்திர எண்ணெயையோ கியர் எண்ணெயையோ ஊற்றினால், சிலிண்டர்களில் உள்ள இரப்பர் வளையங்கள் அவ்வெண்ணெயை உறிஞ்சி உப்பிவிடும். பிரேக்கு பிடித்தபடி விடாமல் நிற்கும், அல்லது வளையம் சிதைந்து ஒழுகும். அவ்வாறு எண்ணெய் கலந்த வண்டியில் குழாயைக் கழுவுவது மட்டும் போதாது; ஹோசு, வளையம் முதலிய எல்லா இரப்பர்ப் பாகங்களையும் மாற்ற வேண்டும்.

கிளைக்கால் நீர்மம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இவ்வியல்பால் நீர் தனியே தேங்கி ஓரிடத்தை அரிக்காமல் நீர்மம் முழுவதும் கரைந்துவிடுகிறது. ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல நீரின் அளவு கூடி, துருவைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள்களும் தீர்ந்து, எஃகுக் குழாய் உட்புறமாக அரிக்கத் தொடங்குகிறது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியில் நீர்மம் அசையாமல் கிடப்பதால் குழாயின் தாழ்வான வளைவுகள் முதலில் பாதிக்கப்படுகின்றன. வெளியே வண்ணம் உரியாமல் பளபளப்பாக உள்ள குழாய் உள்ளே பாதிச் சுவரை இழந்திருக்கலாம். அக்குழாயின் சுவர் தடிமனே ஏறத்தாழ 0.7 மி.மீ.தான்.

வெளிப்புற அரிப்பு இடத்திற்கு இடம் மாறுபடும். கோவைச் சமவெளி மழை குறைந்த பகுதி என்பதால் அங்கேயே இருந்த வண்டிகளின் அடிப்பகுதி ஓரளவு நன்றாக இருக்கும். வால்பாறை வட்டாரத்தில் ஓடியவை அப்படியல்ல. அவ்வட்டாரத்தில் உள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. சமவெளியிலும் இரு விதிவிலக்குகள் உண்டு. தொழுவத்தின் அருகே நிறுத்தப்பட்ட வண்டியும், பொட்டாசு உரம் ஏற்றிய வண்டியும் விரைவாகத் துருப்பிடிக்கும். பொட்டாசு உரம் என விற்கப்படுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு. சிந்திய உரம் அடிச்சட்டத்தின் இடுக்கில் தங்கி, ஈரம் பட்டதும் எஃகை அரிக்கிறது.

இரப்பர் ஹோசு கெடுவதில் வேறொரு சிக்கல் உள்ளது. வெளியே வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுவர். ஆனால் ஹோசின் உட்சுவர் உப்பியோ உரிந்தோ துளையை அடைத்துக்கொண்டால் வெளியே எதுவும் தெரியாது. காலின் விசை நீர்மத்தை அந்த அடைப்பின் வழியே தள்ளிவிடும்; காலை எடுத்ததும் நீர்மம் திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் பிரேக்கு பிடித்தபடியே உருண்டு சூடேறும். பலர் இதற்கு வீல் சிலிண்டரைக் குறைகூறி அதை மாற்றிவிட்டு, அதே பழுதோடு திரும்பி வருவர். நின்ற வண்டிகளில் எலி கடித்த ஹோசுகளும் உண்டு என்பதால் மேலுறை முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும்.

ஒட்டுப்போடுதல்

ஒழுகும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, சிறு துண்டுக் குழாயை இடையில் இணைப்பது பட்டறைகளில் காணப்படும் வழக்கம். செலவு குறைவு, நேரமும் குறைவு. ஆயினும் ஓரிடத்தில் ஓட்டை விழுந்துள்ளது என்றால், அதே வயதும் அதே நீர்மமும் கொண்ட மீதிக் குழாயும் அந்நிலையை நெருங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். புதிய துண்டைப் பொருத்திய பின் மிதி முன்னைவிட உறுதியாக இருப்பதால் ஓட்டுநர் துணிந்து மிதிப்பார். அடுத்த பலவீனமான இடம் அப்போது விடும். இரட்டைச் சுற்று வண்டியில் இது ஆபத்தான சிக்கனம். ஒற்றைச் சுற்று ஜீப்பில் இதைப் பழுதுநீக்கம் என்று சொல்வதற்கே இடமில்லை. பித்தளைப் பற்றவைப்பு, ஈயப் பற்றவைப்பு, பசை ஆகியவற்றால் குழாயை அடைப்பதும் இவ்வாறே தவிர்க்கத்தக்கது. எல்லா உலோகக் குழாய்களையும் எல்லா ஹோசுகளையும் ஒரே முறையில் மாற்றுவதே ஏற்றது.

குழாய்க்கு ஏற்ற பொருள்

முதலில் பொருத்தப்பட்டு வந்தது இரட்டைச் சுவர் எஃகுக் குழாய். செம்பு பூசிய எஃகுத் தகட்டை இருமுறை சுருட்டி, உலையில் செம்பை உருக்கி இணைத்து இதைச் செய்வர். வலிமை மிக்கது, விலை குறைந்தது. துத்தநாகப் பூச்சும் அதன் மேல் நெகிழிப் பூச்சும் கொண்ட குழாய் கிடைத்தால் அதுவே மேல்.

செம்பு–நிக்கல் கலப்பு உலோகக் குழாய் இன்னொரு நல்ல தெரிவு. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு நிக்கலும் கொண்ட இது துருப்பிடிப்பதில்லை, கையாலேயே வளையும், முனை விரிக்கும் போது வெடிப்பதும் அரிது. சுவீடனின் வோல்வோ நிறுவனம் 1970களிலேயே இதைத் தன் கார்களில் பயன்படுத்தியது. எஃகைவிட விலை மிகுதி என்பது மட்டுமே குறை.

தூய செம்புக் குழாயை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடைகளில் செம்புக் குழாய் எளிதில் கிடைப்பதால், அதையே பிரேக்குக்கும் பூட்டும் எண்ணம் எழுவது இயல்பு. தூய செம்பு அதிர்வால் நாளடைவில் இறுகி, பிடிமானத்தின் அருகில் கீறல் விடும். குளிர்பதன வேலையில் போதுமான ஒற்றை மடிப்பு முனை பிரேக்கின் அழுத்தத்திற்கு ஏற்றதும் அன்று. துருவேறா எஃகுக் குழாய் வலிமையானது, ஆனால் கடினமானது. எளிய கருவியால் விரித்தால் முனை பிளக்கும், பிளவு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும்.

அளவும் மரையும்

இவ்வண்டிகளில் பொதுவாகக் காணப்படும் குழாயின் வெளிவிட்டம் 3/16 அங்குலம் (4.76 மி.மீ.), சில இடங்களில் 1/4 அங்குலமும் இருக்கலாம். அரை நூற்றாண்டில் பல கைகள் பட்ட வண்டி என்பதால் நூலில் உள்ளதை நம்பாமல் ஒவ்வொரு குழாயையும் வெர்னியரால் அளப்பது நல்லது.

மரையில்தான் பெரிய பொறி உள்ளது. அமெரிக்க வழியில் வந்த பழைய பாகங்களில் 3/16 அங்குலக் குழாயின் நட்டு 3/8 அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 24 மரைகளும் கொண்டது. பிற்காலப் பாகங்களில் 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரை இடைவெளியும் கொண்ட மெட்ரிக் நட்டு வழக்கிற்கு வந்தது. 3/8 அங்குலம் என்பது 9.53 மி.மீ.; அதன் மரை இடைவெளி 1.06 மி.மீ. எனவே அங்குல நட்டு மெட்ரிக் துளையில் தளர்வாக நுழைந்து, சில சுற்றுகள் பிடித்தது போலவும் தோன்றும். இறுக்கும் போது மரை வழுக்கும். அல்லது அப்போது தாங்கி, பின்னர் அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு வரும். பழைய மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றாகக் கோவை உக்கடம் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்கிய வேறு வகைச் சிலிண்டரைப் பொருத்திய வண்டிகளில் இக்கலப்பு எளிதில் நேரும். நட்டு கையாலேயே பல சுற்றுகள் ஆடாமல் செல்ல வேண்டும். மரை அளவியால் சரிபார்க்கவும் வேண்டும்.

முனையின் வடிவமும் இருவகை. உட்புறமாக மடித்து 45 பாகைக் கூம்பாக விரித்த இரட்டை மடிப்பு முனை ஒன்று. குமிழ் போல வெளிப்புறம் உருண்ட முனை மற்றொன்று. ஒன்றிற்கான இருக்கையில் மற்றொன்றைப் பூட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். கொங்குப் பகுதியின் லேத்துப் பட்டறைகளில் எந்த நட்டையும் கடைந்து தருவர். கடையக் கொடுக்கும் போது மரையோடு, குழாயின் முனையை அழுத்தும் முகத்தின் கோணத்தையும் மாதிரியாகக் காட்ட வேண்டும்.

பழைய குழாய்களைக் கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல்லோ மரக்கட்டையோ முட்டுக் கொடுக்க வேண்டும். இதில் ஜீப்புக்கே உரிய ஓர் ஆபத்து உள்ளது. படை ஜீப்பிலும் அதன் வழிவந்த பழைய வகைகளிலும் கைப்பிரேக்கு சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேசின் பின்புறம், பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டில் உள்ளது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கியவுடன், சுழல்தண்டு அசையாமல் நின்றாலும், டிஃபரன்ஷியலின் வழியே தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையில் உள்ள சக்கரம் எதிர்த்திசையிலும் சுழல இயலும். அதாவது கைப்பிரேக்கு போட்டிருந்தும் வண்டி உருளும். கியரில் நிறுத்துவதும் இதே காரணத்தால் உதவாது. வண்டியின் கீழ் நுழையுமுன் அடிச்சட்டத்திற்கு உறுதியான தாங்கி வைத்தாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

கழற்றுமுன் ஒவ்வொரு குழாயும் செல்லும் பாதையைப் படமெடுத்து வைத்தல் நலம். துருப்பிடித்த நட்டு குழாயோடு சேர்ந்து முறுக்கும். குழாய் எப்படியும் எறியப்படுவதால், அதை நட்டின் அருகில் வெட்டிவிட்டு, ஆறுமுக சாக்கெட்டால் நட்டைக் கழற்றுவதே எளிது. சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். நெருப்பு காட்டித் தளர்த்துவது பட்டறை வழக்கம் ஆயினும், பிரேக்கு நீர்மம் எரியக்கூடியது என்பதால் இங்கு அது வேண்டாம். வெட்டிய குழாய்களை வரிசை மாறாமல் எடுத்து வைத்தால் அவையே புதியவற்றிற்கு அச்சாகும்.

கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவும் பழக்கம் பரவலானது. இயந்திரப் பாகத்திற்கு அது சரி. பிரேக்கின் உட்பகுதியில் சிறிது தங்கினாலும் இரப்பரைக் கெடுக்கும். ஸ்பிரிட்டு அல்லது புதிய பிரேக்கு நீர்மம் கொண்டே கழுவ வேண்டும். நீர்மம் வண்டியின் வண்ணத்தில் பட்டால் உரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தப்பலாம்.

புதிய குழாயைச் செய்து பொருத்துதல்

குழாயின் நீளத்தை மெல்லிய கட்டுக்கம்பியால் வளைவுகளோடு அளந்து, சிறிது கூட்டி வெட்ட வேண்டும். வெட்டுவதற்குச் சுழல் வெட்டி ஏற்றது. இரம்பத்தால் வெட்டினால் முனை சாய்வதோடு பொடியும் உள்ளே செல்லும். வெட்டிய முனையின் உள்ளும் புறமும் பிசிறு நீக்கிய பின், விரிக்குமுன் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். முனையை விரித்த பிறகு நட்டு நுழையாது.

இரட்டை மடிப்பு இரு படிகளில் செய்யப்படுகிறது. குழாயைப் பிடிக்கட்டையில் இறுக்கி, அடாப்டரின் படி உயரத்திற்குச் சமமாக முனையை வெளியே நீட்டி, அடாப்டரை வைத்து அழுத்தினால் முனை உள்நோக்கிக் குவியும். பின் அடாப்டரை எடுத்துவிட்டுக் கூம்பால் அழுத்தினால், குவிந்த விளிம்பு உள்ளே மடிந்து இரட்டைச் சுவராக அமரும். நீட்டிய அளவு மிகுந்தால் மடிப்பு கோணலாகும். குறைந்தால் இருக்கையில் முழுமையாக அமராது. முதல் சில முனைகளைப் பயனற்ற துண்டுகளில் செய்து பழகிய பின் உண்மைக் குழாயில் கைவைப்பது சிக்கனமே. முடிந்த முனையை உருப்பெருக்கியால் பார்த்து, கீறலோ கோணலோ தெரிந்தால் வெட்டிவிட்டு மீண்டும் செய்ய வேண்டும்.

வளைப்பதற்கு வளைப்புக் கருவி வேண்டும். முழங்காலில் வைத்து வளைத்தால் குழாய் நசுங்கும். பாதையைப் பொறுத்தவரை, குழாய் அடிச்சட்டத்தின் உட்புறமாக, கல்லடி படாமல், சைலன்சர்க் குழாயில் இருந்து விலகிச் செல்ல வேண்டும். ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒரு பிடிப்பு தேவை. பிடிப்பில்லாத குழாய் அதிர்ந்து அதிர்ந்தே முறியும். புதிய குழாயை நன்றாகச் செய்துவிட்டு, பழைய பிடிப்புகள் துருவேறிவிட்டன என்பதால் கட்டுக்கம்பியால் கட்டிவிடும் வழக்கம் வருந்தத்தக்கது. அக்கம்பி குழாயை அறுக்கும்.

முன்சக்கரங்கள் திரும்புவதாலும் அச்சுகள் மேலும் கீழும் ஆடுவதாலும் அவ்விடங்களில் ஹோசு பொருத்தப்படுகிறது. ஹோசு முறுக்கின்றி அமர வேண்டும். பின்னர், ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பியும், அச்சைத் தொங்கவிட்டும் அது எங்கும் இழுபடவோ சக்கரத்தில் உரசவோ இல்லை எனப் பார்க்க வேண்டும். மேடுபள்ளத்தில் ஓடும் ஜீப்பில் அச்சின் ஆட்டம் காரைவிட மிகுதி; வில்லை உயர்த்திய வண்டிகளில் பழைய நீள ஹோசு போதாமல் போகலாம். செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட வேண்டும்.

நீர்மமும் காற்று எடுத்தலும்

அமெரிக்கத் தரப்பிரிவின்படி டாட் 3 நீர்மத்தின் கொதிநிலை புதியதில் குறைந்தது 205 பாகை செல்சியசு. நீர் கலந்த நிலையில் 140. டாட் 4 வகைக்கு இவை 230, 155. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி வீல் சிலிண்டரில் உள்ள நீர்மம் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். ஆவி அமுங்குவதால் மிதி கீழே போகும். மலைக்குச் செல்லும் வண்டிக்குப் புதிய டாட் 4 ஏற்றது. சிலிக்கோன் வகையான டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது, வண்ணத்தையும் உரிக்காது. அமெரிக்கப் படை 1980களில் அதைப் பின்பற்றியது. ஆனால் உள்ளே புகும் நீர் கரையாமல் தாழ்வான இடத்தில் தேங்கும். கிளைக்கால் வகையோடு அதைக் கலக்கவே கூடாது. பெயரில் நெருக்கமாக உள்ள டாட் 5.1 சிலிக்கோன் அன்று, கிளைக்கால் வகையே.

காற்று எடுக்க இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் இருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். நிப்பிளில் ஒளிபுகும் குழலை மாட்டி, அதன் மறுமுனையை நீர்மம் உள்ள குப்பியில் அமிழ்த்தி, ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடுவார். மூடிய பின்னரே கால் எழ வேண்டும். குமிழி நிற்கும் வரை இது தொடரும். இடையில் மாஸ்டர் சிலிண்டர் வறண்டால் முதலில் இருந்து தொடங்க நேரிடும். மூடி காலடியில் இருப்பதால் ஜீப்பில் இது அடிக்கடி நடப்பது. வெளியேறிய நீர்மத்தை மீண்டும் ஊற்றலாகாது.

மாஸ்டர் சிலிண்டர் மூடியில் உள்ள சிறு காற்றுத்துளை மண்ணால் அடைபட்டிருந்தால் பிரேக்கு விடாமல் பிடிக்கும். மிதியில் ஏறத்தாழ அரை அங்குலம் வெற்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அவ்வாறே நேரும். ஷூக்களைச் சரிசெய்யாமல் காற்று எடுத்தால் மிதி தாழ்ந்தே இருக்கும். காற்று இன்னும் உள்ளது எனத் தவறாக எண்ணி நீர்மத்தை வீணாக்குவோர் பலர்.

சோதனை

வண்டியின் கீழே செய்தித்தாளை விரித்து, மிதியை முழுவிசையுடன் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி சிறிதும் இறங்கக் கூடாது. ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த தாளால் துடைத்து ஈரம் பார்க்க வேண்டும். வெளியே எங்கும் ஒழுகாமல் மிதி மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் உள்வளையம் தேய்ந்துள்ளது என்று பொருள். பழைய குழாய் விட்ட இடத்தைச் சரிசெய்த பின் அழுத்தம் கூடுவதால், இதுவரை தாங்கிய வளையம் விடுவது அரிதன்று. தொடர்ந்து ஆளில்லாத சமதளத்தில் மெதுவான வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருபுறம் இழுத்தால் அப்புறம் அன்றி எதிர்ப்புறத்திலும் குறை இருக்கலாம். முதல் வாரம் முடிந்ததும் எல்லா இணைப்புகளையும் மீண்டும் பார்ப்பது வழக்கம்.

மலையில் இறங்கும் போது பிரேக்கு செயலிழந்தால் ஜீப்பு ஓட்டுநரிடம் எஞ்சியிருப்பவை இயந்திரத் தடையும் கைப்பிரேக்கும் மட்டுமே. கைப்பிரேக்கு நீர்மத்தைச் சார்ந்ததன்று என்பதால் குழாய் வெடித்தாலும் வேலை செய்யும். ஆனால் அது நின்ற வண்டியைப் பிடிப்பதற்கானது. ஓட்டத்தில் முழுவிசையுடன் இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கலாம். எனவே குழாய் மாற்றும் அதே வேளையில் கைப்பிரேக்கையும் சரிசெய்து வைப்பதும், ஏறிய கியரிலேயே இறங்குவதும் தேவை.

சட்ட நிலை

அதே அளவும் அதே முறையும் கொண்ட புதிய குழாயைப் பொருத்துவது பராமரிப்பு ஆகும். வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி செய்யப்படும் மாற்றங்களுக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பொருந்தும். 2021 ஜூலையில் இந்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதற்பதிவில் இருந்து 50 ஆண்டுகள் கடந்த, முதல் வடிவில் இருந்து பெரிதும் மாற்றப்படாத வண்டிகள் இதற்குத் தகுதி பெறும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சான்று 10 ஆண்டுகளுக்குச் செல்லும். இவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்திற்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றிற்கு மட்டுமே சாலையில் கொண்டுவரலாம். ஒற்றைச் சுற்றை இரட்டைச் சுற்றாக மாற்றுவது பாதுகாப்பைப் பெருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்பதிவை நாடுவோர் அம்மாற்றத்திற்கு முன் தம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று.

பராமரிப்பு

கிளைக்கால் நீர்மத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் இக்கணக்கு மாறாது. திறந்த குப்பியில் மீந்த நீர்மத்தை அடுத்த ஆண்டிற்கென வைத்திருந்து பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அது குப்பியிலேயே ஈரம் உறிஞ்சியிருக்கும். ஹோசுகளின் மேல் தயாரிப்பு ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தால் வாங்கும் போதே பார்த்துக்கொள்ளலாம். நெடுநாள் விற்காமல் கிடந்த 'புதிய' ஹோசு, பெட்டியைப் பிரிக்குமுன்பே பழையதாகியிருக்கும்.